மேடு ஒன்று புள்ளி நான்கு மீட்டர் வளர்ந்தது

தையல்நாயகி அக்காவுக்கு நடந்த அநியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யார் வேண்டுமானாலும் என்னோடு சண்டைக்கு வரலாம். ஆலங்குழி சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை மூடி ஆறு வருஷமாகிறது. அதன் கழிவு மண்ணைக் கொட்டிக் குவித்திருந்த மேடு பதினோரு நாளைக்கு முன்னால் காலை பத்தேகால் மணிக்குச் சரிந்து, அடியில் ஆடு ஓட்டிக்கொண்டு போன அக்காவை ஒன்பது ஆடுகளோடு சேர்த்து உயிரோடு மூடியது. அது போதாதென்று, எச்சரிக்கையை மீறித் தெரிந்தே உள்ளே போனார் என்று ஒரு தாளில் அடித்துக்கொண்டு கம்பெனி ஆள் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறான். முதல் அநியாயத்தைவிட இரண்டாவதுதான் பெரியது என்று நான் வாதாடுவேன், எந்த மேடையிலும் வாதாடுவேன், ஏனென்றால் முதலாவதைச் செய்தது மண், மண்ணுக்குப் புத்தி கிடையாது. மண்ணுக்கா கிடையாது? எனக்கு. மணி ஒன்று இருபது. ஆய்வகத்தில் நான் மட்டும் இருக்கிறேன், ஏசி உறுமுகிறது, திரையில் ஒரு நீலக்கோடு ஏழு சதவீதத்தில் நிற்கிறது. அது நூறுக்குப் போக இரண்டு மணி நேரம் பிடிக்கும். மூன்றரைக்குள் பேராசிரியர் வேதரத்தினம் வைத்துவிட்டுப் போன கடிதத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். நாலு மணிக்கு அது கோட்டாட்சியர் விசாரணைக்குப் போகிறது. கடிதத்தில் நாலாவது கேள்வி: இறந்தவருக்கு அந்த இடத்தின் அபாயம் தெரிவிக்கப்பட்டிருந்ததா? பதிலை அவரே அடித்துவைத்திருக்கிறார். தெரிவிக்கப்பட்டிருந்தது. கீழே கோடு, கோட்டுக்குக் கீழே என் பெயர், சு. சுகிர்தா, முழுநேர ஆய்வாளர். கடைசியாக அந்த ஊருக்குப் போனது நான்தானாம், அதனால் நான் போட்டால்தான் எடுபடுமாம். போடாவிட்டால் நாலு வருஷ ஆராய்ச்சிக்கு அவர் போட வேண்டிய கையெழுத்து விழாது. அதை அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிக் கேட்டிருப்பேன். சும்மா பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார், டக், டக், டக், ஒவ்வொரு டக்குக்கும் அந்த விரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கி ஒடித்தால் என்ன சத்தம் வரும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன், முருங்கைக்காய் உடைகிற சத்தமா, கரும்பு உடைகிற சத்தமா.

எட்டு சதவீதம். மூவாயிரத்து இருநூறு படங்கள். டிரோன் மேலே பறந்து பறந்து எடுத்தவை, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுப் பள்ளம், ஒரு துண்டு மேடு, ஒரு துண்டு பச்சை. எல்லாவற்றையும் தைத்துக் கணினிக்குள் அந்தச் சுரங்கத்தையே இன்னொரு தடவை எழுப்புவதுதான் எங்கள் வேலை. டிஜிட்டல் இரட்டை என்று பெயர் வைத்திருக்கிறோம். இரட்டைப்பிள்ளை மாதிரி, வெளியே இருக்கிற மேடு என்ன செய்கிறதோ உள்ளே இருக்கிற மேடும் அதையே செய்யும், செடி முளைத்தால் முளைக்கும், மண் இறங்கினால் இறங்கும், சுரங்கம் மூடிய இடத்தில் இயற்கை எவ்வளவு திரும்பி வந்திருக்கிறது என்று வருஷா வருஷம் அறைக்குள் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். மாநாட்டில் இதைச் சொன்னபோது கைதட்டினார்கள். ஆனால் வெளியே இருந்த பிள்ளை செத்துவிட்டது, உள்ளே இருக்கிறது இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது. நேற்றுகூட திறந்து பார்த்தேன், மேடு அப்படியே நிற்கிறது, சரியவே இல்லை, பச்சைப்பசேலென்று, சுட்டியைச் சுழற்றினால் சுழல்கிறது, அடியில் வெள்ளை நூல் மாதிரி அந்த ஒற்றையடிப் பாதை, அதில் யாரும் நடக்கவில்லை, யாரும் சாகவில்லை. விசைப்பலகையை இரண்டு கையாலும் தூக்கித் திரையில் அடிக்கத் தோன்றியது. அடிக்கவில்லை. நான் அடிக்கிற ஜாதி இல்லை, பேசுகிற ஜாதி. எங்கள் வீட்டில் அம்மா சொல்லும், இவகிட்ட வாய் குடுத்தா புண்ணாயிட்டுதான் போவணும். கல்லூரியில் மூன்று வருஷம் பட்டிமன்றக் கோப்பை. எதிரி அணி எங்கே தடுமாறுகிறது என்று மோப்பம் பிடித்து அந்த இடத்தில் கத்தியை இறக்குவேன், இறக்கித் திருகுவேன், சபை சிரிக்கும். ஜூன் மாதம் அந்த மேட்டடியில் அக்காவுக்கு இறக்கியதும் அதே கத்திதான். தாராளமா. அந்த ஒரு வார்த்தை. வேண்டாம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் தொரட்டியோடு, பிடுங்கிப்போட்ட வேலிக்கம்பு ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். டிரோன் படங்களை வைத்துக் கம்பெனிக்கு நாங்கள் கொடுத்த அறிக்கையில் மேடு நிலைபெற்றுவிட்டது என்று எழுதியிருந்தோம், அதைக் காட்டிக் கம்பெனி வேலியைக் கழற்றிக்கொண்டிருந்த நாள் அது. பதினொரு ஆடும் மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றன, சீமைக்கருவேலங்காய் என்றால் ஆட்டுக்கு உயிர். என்னா பாப்பா, ஏரோப்ளேன் விட வந்திருக்கியா என்று கேட்டார். இல்லக்கா, ஏரோப்ளேன் எல்லாம் விட்டு முடிச்சாச்சு, ரிசல்ட் வந்திடுச்சு, மேடு நல்லாயிடுச்சு என்று டேப்லெட்டைக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை, கையில் ஆட்டுப்பால் பிசுக்கு, எட்டிப் பார்த்தார். பச்சையா இருந்தா நல்லாயிடுச்சுன்னு அர்த்தமா? எங்க வீட்டுக் கொல்லையில சாக்கடை ஓரந்தான் பச்சையா இருக்கு, போய்ப் படுத்துக்கறியா? நான் சிரித்தேன். சிரிப்பு வந்துவிட்டால் எனக்கு வேகம் கூடிவிடும், எதிராளி சுவாரசியமானவர் என்றால் ஜெயித்தே தீர வேண்டும். அவர் தொரட்டியால் காட்டினார், அந்த மரமெல்லாம் பாரு, எல்லாம் பள்ளத்துப் பக்கமா சாஞ்சு நிக்குது. அது காத்துக்குச் சாய்ஞ்சிருக்கும்கா. காத்து எனக்குந்தான் அடிக்குது, நான் சாயலையே. அப்புறம் அடிவாரத்தில் பங்குனி வெயிலிலும் ஈரம் கசிகிறது என்றார், ஆடு அந்த இடத்துக்கு வந்ததும் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது என்றார். நிலவியலில் முதுகலை படித்த எனக்கு, சாய்ந்த மரமும் அடியில் கசிகிற ஈரமும் சரிவு நகர்கிறது என்பதற்கு அடையாளம் என்று இரண்டாம் பருவத் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிய எனக்கு, ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த விடைத்தாள் ஞாபகம் வந்தது. வந்ததை வாயால் அமுக்கினேன். அக்கா, கண்ணால பாக்கறது ஒண்ணு, அளந்து பாக்கறது ஒண்ணு. ரெண்டு வருஷத்துல இந்த மேடு ஒன்று புள்ளி நாலு மீட்டர் ஏறியிருக்கு, இறங்கல, ஏறியிருக்கு. அவர் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். மண்ணு ஏறுதா? கொட்டுறதுக்கு லாரி இல்ல, ஆளு இல்ல, மண்ணு எங்கயாச்சும் தானா ஏறுமா பாப்பா? எவ்வளவு நேர்த்தியான கேள்வி. என் ஆய்வுக்குழுவில் உட்கார்ந்திருந்த ஐந்து முனைவர்களில் ஒருவர் கேட்கவில்லை. நான் தடுமாறினேனா? இல்லை. இலைச்சருகு சேரும், காத்துல வர்ற தூசி படியும், வேரு மண்ணைப் புடிச்சுக்கும், அதான்கா சயின்ஸ் என்றேன். அவர் வெற்றிலையைத் துப்பினார். அப்புறம், படிச்ச புள்ள சொல்ற, அப்ப சரியாத்தான் இருக்கும், இந்த அடிவழியாப் போனா மூணு மைல் சுத்து மிச்சம், போலாங்கறியா? போலாமான்னா என்னக்கா, தாராளமா போங்க. தாராளமா. எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை, எந்தப் பெரிய மனுஷியின் வாய் அது? போலாம் என்று சொல்லியிருக்கலாம், பாத்துப் போங்க என்று சொல்லியிருக்கலாம், தெரியாதுக்கா என்று சொல்லியிருந்தால் நாக்கு அழுகியா போயிருக்கும்.

முப்பத்தொரு சதவீதம். கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு ரியாஸ் வந்தான், இரண்டு கையிலும் டீ. எங்கள் டிரோனை ஓட்டுகிறவன், நல்லவன், வாயில் மட்டும் பிரேக் கிடையாது. என்ன மேடம், கொலைகாரி மாதிரி முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க என்றான், சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது, டீ தளும்பி அவன் கையில் கொட்டியது, அவன் ஆ என்றுகூடச் சொல்லவில்லை. பரவால்லடா என்றேன். எத்தனாவது தடவ ஓட்டறீங்க என்றான். முதல் தடவைதான், இப்பத்தான் ஒழுங்கா ஓட்டறேன் என்றேன். ஒழுங்காக என்றால் இப்படி: மேலேயிருந்து எடுத்த படத்தில் தரையும் இருக்கும், மரமும் இருக்கும். மரத்தைச் சீவி எறிந்துவிட்டுத் தரையை மட்டும் எடு என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். அறிக்கைக்கு ஓட்டியபோதும் சொன்னேன். அது அக்கம்பக்கத்தில் எது தாழ்வாக இருக்கிறதோ அதைத் தரை என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் சீமைக்கருவேலம் அனேகமாக இடைவெளியே இல்லாமல் முள்ளும் இலையுமாக மேட்டை மூடிவிட்டதே, அதற்குக் கிடைத்த மிகத் தாழ்வான இடமே இலைதான். இலையைத் தரை என்று எடுத்துக்கொண்டது. இரண்டு வருஷத்தில் முள்ளுமரம் வளர்ந்தது, நாங்கள் மண் வளர்ந்தது என்று எழுதினோம். ஒன்று புள்ளி நான்கு மீட்டர். அடியில் மண் வாயைப் பிளந்துகொண்டு நகர்ந்துகொண்டிருந்தபோது மேலே மரத்தின் மண்டையை அளந்துவிட்டுக் குணமாகிறது, குணமாகிறது என்று பாடிக்கொண்டிருந்தோம். இதைக் கண்டுபிடிக்கத்தான் ஆள் நேரில் நடந்து போய் இருபது இடத்தில் தரையைத் தொட்டு அளக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. மேடம், அந்த இருபது பாயின்ட் என்றான் ரியாஸ், சுவரைப் பார்த்துக்கொண்டு. அவனுக்கும் அதே இடத்தில்தான் சிக்கியிருக்கிறது. முதல் பாயின்டுக்குப் போகும்போதே முள் அவன் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் இறங்கியது, விரல் நீளம், நான்தான் பிடுங்கினேன், ரத்தம் குபுக்கென்று வந்தது, அப்போது நான்தான் சொன்னேன், விடுடா, ரோட்டோரமா இருபது எடுத்துக்கலாம், மேட்டுப் பேரைப் போட்டுக்கலாம். ரோடு ரோடாகவே இருந்தது, ஒரு சென்டிமீட்டர் பிசகவில்லை, மாதிரி மிகத் துல்லியம் என்று அறிக்கையில் போட்டோம். நாடு முழுக்க இப்படித்தான் மேடம் பண்றாங்க, முள்ளுக்குள்ள எவன் போவான் என்றான். எவன் போவான்? அக்கா போனார். ஆடு போனது. அவன் டீயை வைத்துவிட்டு, அந்த ஒரிஜினல் படமெல்லாம் எங்கிட்ட இன்னொரு காப்பி இருக்கு, யாரு அழிச்சாலும் என்று முணுமுணுத்துவிட்டு, நொண்டாத காலையும் நொண்டிக்கொண்டு போனான்.

ஐம்பத்தெட்டு. டீயில் ஆடை படிந்துவிட்டது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், எலுமிச்சை சாதம், மூடிவிட்டேன், மஞ்சளாக, பொடியாக, அந்த மண்ணும் அப்படித்தான் இருந்தது, மஞ்சளாக, பொடியாக, ஈரமாக. மறுநாளே போனேன். ஜேசிபி தோண்டிக்கொண்டிருந்தது. இரும்புப் பல் ஒவ்வொரு தடவையும் இறங்கும்போது கூட்டம் ஓ என்றது, பாத்துய்யா, பாத்து, மேல பட்டுடப் போவுது என்று ஒருவர் கத்திக்கொண்டே இருந்தார், செத்தவளுக்கு அடிபட்டுவிடக் கூடாது என்று. முதலில் ஆடுகள் வந்தன, ஒவ்வொன்றாக, கால் விறைத்து, வாயில் மண். பிறகு தொரட்டி. பிறகு பக்கெட்டை நிறுத்திவிட்டுக் கையால் தோண்டினார்கள். நான் பார்க்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பார்த்தேன். முகம் பள்ளத்தின் பக்கம் இல்லை, மேட்டின் பக்கம் திரும்பியிருந்தது, சத்தம் கேட்டு ஓடாமல் நின்று திரும்பிப் பார்த்திருக்கிறார், மண் இறங்குகிறதா ஏறுகிறதா என்று பார்த்தாரோ. கையை முகத்துக்கு முன்னால் வைத்திருந்தார், உள்ளங்கை வெளிப்பக்கம், நில் என்று சொல்கிற மாதிரி. சுரங்கம் ஓடிய காலத்தில் மதியம் சங்கு ஊதிவிட்டு வெடி வைப்பார்களாம், அக்காதான் சொன்னார், ஊரே நடுங்கும், அடுப்பில் சோறு குதிக்கும், கல்யாணமாகி வந்த புதிதில் நான் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிடுவேன் என்று சிரித்தார். வெடியாவது சங்கு ஊதிவிட்டு வந்தது. நாங்கள் ஊதவில்லை. நாங்கள் பச்சை வண்ணம் அடித்தோம். பேராசிரியரின் மேஜையில் கல்லாகிப்போன கடல் நத்தை ஒன்று இருக்கிறது, அரியலூர்ப் பக்கத்து மண்ணில் கிடைப்பது, உள்ளங்கை அகலம், நல்ல கனம். காலையில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அதன் மேல்தான் என் கண். பாரும்மா சுகிர்தா, மாடல்ல தப்புன்னு வெளியே போச்சுன்னா இதோட முடியாது, இதே முறையில பதினேழு சுரங்கத்துக்கு எழுதியிருக்கோம், எல்லாத்தையும் தோண்டுவான். தோண்டட்டும் சார். அவசரப்படாத. நாப்பத்தேழாம் பக்கத்துல எழுதியிருக்கோமில்ல, உள்ளூர் மக்கள் உரிய கவனத்துடன் இருக்க அறிவுறுத்தப்படுகிறது. சார், அது எல்லா அறிக்கையிலும் இருக்கற வரி, போன வருஷ அறிக்கையிலேர்ந்து வெட்டி ஒட்டினது, அதுவும் இங்கிலீஷ்ல, அந்தம்மாவுக்குப் படிக்கவே தெரியாது. எழுத்துல இருக்கா இல்லையா? இருக்கு. அப்ப தெரிவிச்சாச்சு. நீ வாய்ல என்ன சொன்னேங்கறது ரெக்கார்டே இல்ல, நானும் கேக்கல, நீயும் சொல்லாத. அந்த நத்தையை எடுத்து அவர் கண்ணாடிக்கு நடுவே, இரண்டு புருவத்துக்கும் நடுவே, ஒரே அடி, கண்ணாடிச்சில் உள்ளே போகிற மாதிரி. கோடி கோடி வருஷமாகக் கல்லாக இருந்தது எதற்காக, இதற்காகத்தான். அடித்தேன், அடித்தேன், மனசுக்குள் அவர் மூன்று தடவை செத்தார், நாலாவது தடவை அந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தால் என் முகம். அவர் ஒரு வரியை வெட்டி ஒட்டினார். நான் ஒரு பெண்ணோடு வாதாடி ஜெயித்தேன்.

எண்பத்து மூன்று. அலைபேசி மேஜையில் கவிழ்ந்து கிடக்கிறது. அதற்குள் நாற்பத்தொரு வினாடி ஒரு குரல் இருக்கிறது, காலை ஒன்பதரைக்கு வந்தது, ஆறு தடவை கேட்டுவிட்டேன், ஏழாவது தடவை கேட்கிறேன். அக்கா, நான் அபிநயா, தையல்நாயகி மக, அன்னிக்கு அம்மாவுக்குச் சோறு கொண்டாந்தேனே. கம்பெனியிலேர்ந்து ஒரு ஆளு வந்து குந்தியிருக்கான். அம்மா தெரிஞ்சேதான் வேலியத் தாண்டி உள்ள போச்சுன்னு எழுதி அப்பாகிட்ட கையெழுத்துக் கேக்கறான். சாயங்காலம் திரும்ப வருவானாம். வேலி எங்கக்கா இருக்கு? நீங்க வந்தன்னிக்குத்தானே புடுங்குனாங்க? அப்பா அழுதுகிட்டே போட்டுருவாரு, அவருக்குப் பேசத் தெரியாது. அம்மா உங்களக் கேட்டுட்டுத்தானே போச்சு? கேட்டுச்சா கேக்கலையா, அத மட்டும் சொல்லுங்க. அவ்வளவுதான். பின்னால் ஒரு ஆடு கத்துகிறது, மிச்சமிருக்கிற இரண்டில் ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, அழவில்லை, குரல் கட்டியாக இருந்தது, கையில் கல் வைத்திருப்பவள் பேசுகிற மாதிரி. நான் என்ன வாதம் வைத்திருக்கிறேன்? இருக்கிறது, நிறைய. மென்பொருளின் குறை. விதி தெரிந்தும் கள ஆய்வுக்கு முள்வெட்ட ஆள் தராத பல்கலைக்கழகம். மூடிய சுரங்கத்தை அவசரமாகக் கைகழுவப் பார்த்த கம்பெனி. ஐந்து முனைவர்கள். எல்லாம் உண்மை, ஒவ்வொன்றையும் நிரூபிப்பேன், கோப்பை வாங்குவேன். அந்தப் பிள்ளை அதையெல்லாம் கேட்கவில்லை. கேட்டுச்சா, கேக்கலையா.

தொண்ணூற்று ஆறில் ஐந்து நிமிஷம் நின்றது. ஏசி உறுமல் நின்று மறுபடி தொடங்கியது. தொண்ணூற்று ஒன்பது. நூறு. இந்தத் தடவை இலைகளுக்கு நடுவே கிடைத்த சின்னச் சின்ன ஓட்டை வழியாகக் கேமராவுக்குத் தெரிந்த தரையை மட்டும் பொறுக்கி எடுத்த மேடு மெதுவாகத் திரையில் எழும்பியது, பச்சை இல்லாமல், தோல் உரித்த ஆடு மாதிரி. ஏறவில்லை. அறுபத்திரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. உச்சியில் ஒரு பிளவு, முப்பத்தெட்டு மீட்டர் நீளம், அறிக்கை கொடுப்பதற்கு ஐந்து வாரம் முன்னால் எடுத்த படங்களிலேயே இருக்கிறது, அத்தனை நாளும் எங்கள் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அடியில் இருண்ட ஒரு திட்டு, ஈரம், ஆடு மோந்து பார்த்துத் திரும்பிய இடம். சிரிப்பு வந்தது, அடிவயிற்றிலிருந்து, வாந்தி மாதிரி, குப்பைக்கூடையைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன், வெறும் டீத்தண்ணீர். மூன்று இருபது. கதவுக்கு வெளியே பேராசிரியரின் செருப்புச் சத்தம், என்னம்மா, போட்டுட்டியா என்று குரல் முன்னால் வந்தது, ஆள் பின்னால் வந்தார். திரையைப் பார்த்தார். பிளவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், அந்த இரண்டு புருவத்துக்கும் நடுவே சிவப்பாக இரண்டு தடம், அடிப்பதற்கு வாகாக. நான் அடிக்கவில்லை. கடிதத்தை இழுத்து, நாலாவது கேள்வியில் அவர் அடித்துவைத்திருந்ததைப் பேனாவால் தாள் கிழிகிற அளவுக்கு அடித்துவிட்டு, பக்கத்தில் இல்லை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, படம் பிடித்துக்கொண்டேன். இது தற்கொலை, தெரியுமா என்றார். தெரிந்தே போகிறேன் சார், என் விஷயத்தில் அப்படி எழுதிக்கலாம் என்றேன். அது என் கடைசி வாதம், அதிலும் ஜெயித்தேன், ஜெயித்ததில் ஒன்றுமே இல்லை, உமிழ்நீர் கசந்தது. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நான் அலைபேசியைத் திருப்பினேன். பிளவின் படத்தை அனுப்பினேன், நாலாவது பதிலை அனுப்பினேன், பிறகு எழுதினால் வார்த்தை தேடுவேன் என்று பயந்து மைக்கை அழுத்திக்கொண்டு பேசினேன், பேராசிரியர் காது கேட்கவே பேசினேன்.

அபிநயா, அம்மா கேட்டுட்டுத்தான் போனாங்க. நான்தான் தாராளமா போங்கன்னு சொன்னேன். மண்ணு தானா ஏறாதுன்னு அவங்க சொன்னாங்க, அவங்க சொன்னதுதான் சரி. அப்பாவைக் கையெழுத்துப் போட விடாத, இதையே நான் விசாரணையில வந்து சொல்றேன், இப்ப பஸ் ஏறுறேன்.